மருத்துவக் கல்லூரி அழைப்புக் கடிதங்கள்: நம் வரலாறு கற்பிக்கும் மூன்று கேள்விகள்



தேர்வு முடிவுகள் வெளிவந்து சில மாதங்கள் கழிந்ததும் எங்கள் தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும். ‘இன்னார் மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டதாம்’ என்பதே அப்பேச்சு. கோயிலிலும் திருமண வீட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும் அதுவே பேசப்படும். இப்போதெல்லாம் அதனோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. ‘ஒன்றல்ல, மூன்று இடங்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். எங்குச் சேர்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்களாம்.’

நம் தாத்தா பாட்டி காலத்தில் கனவிலும் எண்ணியிராத தவிப்பு இது. தவிப்பு என்றாலும் ஒரு வகையில் பெருமைக்குரிய தவிப்புதான். எனினும், இக்கேள்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. ஏறத்தாழ 130 ஆண்டுகளாக இம்மண்ணின் இளைஞர்கள் ‘எங்குச் சென்று மருத்துவம் கற்பது?’ என்ற வினாவை எதிர்கொண்டே வந்துள்ளனர். அவர்கள் சென்ற வழிகளை ஆராய்ந்தால், இன்று கையில் கடிதங்களோடு நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் சில உண்மைகள் கிடைக்கின்றன. அவற்றைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊரும் மருத்துவக் கல்வியும்

தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னவுடனே வெளியூரார் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு தோன்றும். 1911ஆம் ஆண்டு இங்கு ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கான மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. அதன் முதல் கண்காணிப்பாளர் டாக்டர் சாமுவேல்ஸ் ஆவார். இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என வழங்கும் அது, நாட்டின் மிகப் பழைமையான, மிகப் பெரிய மனநல மருத்துவமனையாகும். ‘பஹாகியா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். ஆயினும், ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்ற கேலி இன்னும் மறையவில்லை. வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லும்போது ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கி ‘ஈப்போ’ என்று மட்டும் கூறிவிடும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அத்தகைய பிள்ளைகளுக்கு நான் ஒரு செய்தியைச் சொல்வதுண்டு. மலாயா, சிங்கப்பூர் இரண்டுக்கும் தாயான முதல் மருத்துவப் பள்ளி 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் தொடங்கப்பட்டது. அது தொடங்கப்பட்ட கட்டடம் எது தெரியுமா? அதற்குமுன் பெண் மனநோயாளர் காப்பகமாக இருந்த கட்டடமே. நம் நாட்டு மருத்துவர்களின் முதல் வகுப்பறை அத்தகைய இடத்தில்தான் அமைந்தது. ஆகவே, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாணுவதற்கு எதுவுமில்லை.

சென்னைக்குச் சென்ற முதல் மாணவர்கள்

1905க்கு முன்னரே ஒரு முயற்சி நடந்து தோற்றது. நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் சைமன், உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவிக்க ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று 1889இல் வலியுறுத்தினார். மறு ஆண்டே பள்ளியைத் திறக்கத் திட்டமிடப்பட்டது. ஆனால், நுழைவுத் தேர்வில் தேறியவர் இருவர் மட்டுமே. இருவருக்காக ஒரு பள்ளியை நடத்த இயலாது என்று திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, இங்கிருந்து இளைஞர்களை உபகாரச் சம்பளத்துடன் சென்னைக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளியாகத் தோன்றியது. 1875இல் பெண்களையும் சேர்த்துக்கொண்ட பெருமை அதற்குண்டு. நம் சமூகம் நன்கறிந்த முத்துலட்சுமி ரெட்டி அங்குப் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். மலாயாவுக்குப் பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், மருத்துவம் கற்க இங்கிருந்து சிலர் அங்குச் சென்றுகொண்டிருந்தனர் என்பது நினைவுகூரத்தக்கது.

இன்னொரு வழியும் இருந்தது. 1885இல் தொடங்கப்பட்ட அரசியார் உபகாரச் சம்பளம், ஆண்டுக்கு மிகச் சிலரை மட்டும் இங்கிலாந்துக்கு அனுப்பியது. பினாங்கில் பிறந்த வூ லியன் தே 1896இல் அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவைத் தாக்கிய கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் அவர். 1937க்குப் பின் ஈப்போவில் பல்லாண்டுகள் மருத்துவம் பார்த்தவரும் அவரே.

ஆக, அன்றைய இளைஞனுக்கு இருந்தவை இரண்டே வழிகள்: சென்னை அல்லது இங்கிலாந்து. இரண்டுக்கும் பிறர் பணம் வேண்டும். இரண்டுக்கும் ஆங்கிலக் கல்வி வேண்டும்.

1905 பள்ளியும் 1916ஆம் ஆண்டின் அங்கீகாரமும்

1904இல் தான் ஜியாக் கிம் என்னும் சீன வணிகர் தலைமையில் பொதுமக்கள் அரசாங்கத்திடம் ஒரு விண்ணப்பம் அளித்தனர். ‘உள்ளூரிலேயே மருத்துவப் பள்ளி வேண்டும்’ என்பது அவர்களின் கோரிக்கை. ‘கட்டடச் செலவுக்கு மக்களே பணம் திரட்டுங்கள், பார்க்கலாம்’ என்றது அரசாங்கம். கேட்கப்பட்டது 71,000 டாலர். மக்கள் திரட்டியதோ 87,077 டாலர். 1905 ஜூலையில் 23 மாணவர்களுடன் பள்ளி திறக்கப்பட்டது. 1910இல் முதல் அணியினர் உரிமப் பட்டயம் பெற்று வெளிவந்தனர்.

பெற்றோர்கள் இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். இப்பள்ளியின் பட்டயத்தைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது எப்போது? 1916இல்தான். அதாவது, முதல் மாணவர் சேர்ந்து 11 ஆண்டுகள் கழித்து, முதல் அணி வெளிவந்து ஆறு ஆண்டுகள் கழித்து. அதன் பின்னரே பேரரசின் பிற பகுதிகளிலும் மருத்துவம் பார்க்கும் தகுதி அவர்களுக்குக் கிடைத்தது. 1905இல் தம் மகனை அங்குச் சேர்த்த ஒரு தந்தை, அப்பட்டயத்திற்கு வெளியில் என்ன மதிப்பு இருக்கும் என்பதை அறியாமலேதான் சேர்த்தார். நன்றாக முடிந்தது. ஆனால், நன்றாக முடியும் என்று அன்று எவரும் உறுதி கூறியிருக்க முடியாது.

அங்கீகாரம் ஒரு முறை கிடைத்தால் என்றும் நிலைத்திருக்கும் என்பதும் தவறான எண்ணமே. 1930இல் அதே பிரிட்டிஷ் மன்றம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களுக்கு வழங்கியிருந்த ஏற்பை நிறுத்தியது. சென்னை போன்ற பழம்பெரும் கல்லூரிகளின் பட்டமும் அதற்குத் தப்பவில்லை. இந்தியாவுக்கென ஒரு மருத்துவ மன்றம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று 1933இல் சட்டமாவதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

வேலூர்க் கல்லூரியின் கதையும் இத்தகையதே. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய அப்பள்ளி, பட்டம் வழங்கவில்லை; உரிமம் பெற்ற மருத்துவர் என்னும் பட்டயத்தையே வழங்கியது. 1930களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் அப்பட்டயப் படிப்பையே நீக்க முடிவு செய்தபோது, பள்ளி மூடப்படும் நிலை வந்தது. முதுமையிலும் அம்மையார் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இன்று உலகறிந்த வேலூரே ஒரு காலத்தில் அங்கீகாரச் சிக்கலில் அகப்பட்டதெனில், நாம் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா?

இதுவே முதல் கேள்வி: இப்பட்டத்தை எந்த நாட்டின் மருத்துவப் பதிவேடு ஏற்றுக்கொள்ளும்?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடிதமே வரவில்லை

மேற்கண்ட வரலாற்றில் பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே இருந்தனர் என்று கேட்கத் தோன்றும். அவர்கள் அதில் இல்லை என்பதே வருந்தத்தக்க உண்மை.

மருத்துவப் பள்ளிக்குச் செல்ல ஆங்கிலப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளி 1895இலும், ஆண்டர்சன் பள்ளி 1909இலும், செயின்ட் மைக்கல் பள்ளி 1912இலும் தோன்றின. நகரத்தில் வாழ்ந்த எழுத்தர், இரயில்வே ஊழியர், மருத்துவமனை உதவியாளர் ஆகியோரின் பிள்ளைகள் அவற்றில் பயின்றனர். இவர்களுள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல. தோட்டத்திலோ, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகே, ஏழு முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது. அப்பள்ளியும் தொடக்கக் கல்வியோடு நின்றது. அதற்குமேல் வெட்டுக்கத்தியும் பால்வாளியும்தான்.

தோட்டத்துப் பிள்ளை அறிந்திருந்த மருத்துவர், தோட்ட ஆஸ்பத்திரியின் ‘டிரஸர்’ ஒருவரே. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் அவர் பணி. லயத்து மக்கள் அவரையே ‘டாக்டர் ஐயா’ என்று அழைத்தனர். அந்த ‘டாக்டர் ஐயா’வாகவே தம் மகன் ஆக முடியாது என்றிருந்த காலத்தில், உண்மையான மருத்துவர் ஆவது எங்ஙனம்?

சிங்கப்பூர்க் கல்லூரியில் படித்துத் தேறியவர்க்கும் ஒரு தடை இருந்தது. அரசாங்க மருத்துவச் சேவையின் மேல்பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியவையாக இருந்தன. உள்ளூர்ப் பட்டதாரிகள் உதவி மருத்துவர் நிலையில் வைக்கப்பட்டனர். இங்கிலாந்துப் பட்டத்திற்குப் பணக்காரக் குடும்பங்கள் அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கோலாலம்பூரில் ஒரு கல்லூரி

1949 அக்டோபரில் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. நாடு 1957இல் விடுதலை பெற்றபோதும் கூட்டரசு மண்ணில் மருத்துவக் கல்லூரி ஒன்றும் இல்லை. அக்குறையை நீக்கிய பெருமை, சிங்கப்பூர்க் கல்லூரியில் பயின்று அங்கேயே பேராசிரியராக உயர்ந்த டி. ஜே. தனராஜ் அவர்களைச் சாரும். அவரே கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவர். 1964இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். 1969இல் பட்டம் பெற்றனர். நம் இனத்தவர் ஒருவர் இந்நாட்டு மருத்துவக் கல்விக்கு அடித்தளம் இட்டார் என்பதை நம் மாணவர்கள் எத்தனை பேர் அறிவர்? வரலாற்றுப் பாடத்தில் இடமில்லாவிடினும், சபைகூடலில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லலாம் அல்லவா?

1971இல் மருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. எந்தெந்தப் பல்கலைக்கழகப் பட்டங்கள் இந்நாட்டில் ஏற்கப்படும் என்பதை அதன் இரண்டாம் அட்டவணை வரையறுத்தது. லண்டனில் தீர்மானிக்கப்பட்டது இனி கோலாலம்பூரில் தீர்மானிக்கப்படலாயிற்று.

அதே பத்தாண்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன அடிப்படையிலான ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மருத்துவத்தில் இந்திய மாணவர்க்கான இடங்கள் அரிதாயின. 2002இல் ஒதுக்கீட்டு முறைக்குப் பதிலாகத் தகுதி முறை அறிவிக்கப்பட்டது. எனினும், எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் எனும் இருவேறு தேர்வுகளை ஒரே தராசில் நிறுப்பது சரியா என்ற சர்ச்சை தொடர்ந்தது. 2004இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.0 என்னும் முழுப் புள்ளி பெற்ற 128 மாணவர்க்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடம் கிடைக்காதது நாடு முழுதும் பேசப்பட்டது.

கடல் கடந்த குடும்பச் செலவு

உள்ளூரில் இடம் கிடைக்காதபோது நம்மவர் மீண்டும் இந்தியாவை நோக்கினர். 1953இல் டி. எம். ஏ. பாய் மணிப்பாலில் நிறுவிய கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரி, மலேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கு அறிமுகமான பெயராயிற்று. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்தும், தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை அடகு வைத்தும், நிலத்தை விற்றும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரை நம் வட்டாரத்திலேயே காணலாம். மூத்தவன் மருத்துவரானான், அவனுக்காக இளையவள் படிப்பை நிறுத்தினாள் என்னும் வீட்டுக் கதைகளும் உண்டு. அவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை.

1990களில் நிலைமை மாறியது. 1992இல் கோலாலம்பூரில் அனைத்துலக மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பினாங்கு மருத்துவக் கல்லூரியும், 1997இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டன. 2001இல் ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி.யின் முயற்சியால் கெடாவில் ஏய்ம்ஸ்ட் உருவானது. ஈப்போவிலேயே பேராக் அரச மருத்துவக் கல்லூரி அமைந்தது. கடல் கடக்காமலேயே படிக்கலாம் என்றாயிற்று. ஆனால், ஐந்தாண்டுக் கட்டணம் பல இலட்சம் ரிங்கிட். கல்விக் கடனுதவி கிடைத்தாலும் அது முழுச் செலவையும் ஈடு செய்வதில்லை.

1904இல் சிங்கப்பூர் மக்கள் பணம் திரட்டி ஊருக்கு ஒரு பள்ளி எழுப்பினர். நூறாண்டு கழித்து ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே ஒரு பிள்ளைக்காகப் பணம் திரட்டுகிறது. சுமை ஊரின் தோளிலிருந்து தாய் தந்தையரின் தோளுக்கு மாறிவிட்டது.

இதுவே இரண்டாம் கேள்வி: பணம் யார் தருகிறார்? அதற்காக வீட்டில் வேறு யார் எதை இழக்கிறார்?

2005ஆம் ஆண்டின் பாடம்

குறைந்த கட்டணத்தை நாடி உக்ரேன், ரஷ்யா, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்கும் மாணவர் சென்றனர். உக்ரேனின் கிரிமியா அரசாங்க மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மலேசிய மாணவர் பலர் சேர்ந்தனர். அவர்களுள் இந்திய மாணவர் கணிசமானோர். 2005இல் தரம் குறித்த ஐயங்களைக் காரணங்காட்டி அப்பல்கலைக்கழகத்திற்கு அளிக்கப்பட்டிருந்த அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக மலேசிய அரசாங்கம் அறிவித்தது. சமூகத்தில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. இம்முடிவு சரியா தவறா என்ற வாதத்தை இங்கு நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1930இல் சென்னைப் பட்டத்துக்கு நேர்ந்தது 2005இல் இன்னோர் உருவில் நேர்ந்தது என்பதையே சுட்டுகிறேன். 2014இல் கிரிமியாவை ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்டது. 2022இல் உக்ரேனில் போர் மூண்டபோது, அங்கு மருத்துவம் பயின்ற ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்களை ‘ஆபரேஷன் கங்கா’ என்ற பெயரில் இந்திய அரசு மீட்டது. அவர்களுள் தமிழகத்து மாணவரும் பலர். கல்லூரியைத் தேரும்போது போர் வரும் என்று எவரும் கணிக்க இயலாது. ஆயினும், தொலைவும் ஒரு விலைதான் என்பதை நினைவில் கொள்ளலாம்.

மூன்று கடிதங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற ஒரு மாணவியின் தாயார் என்னைக் காண வந்தார். மருத்துவமனையொன்றில் பணியாளராக இருப்பவர். மூன்று கடிதங்களை மேசைமேல் வைத்து, “டீச்சர், இதுல எதுங்க நல்லது? நீங்க சொன்னா சரியா இருக்கும்” என்றார். ஒன்று உள்நாட்டுத் தனியார் கல்லூரியில் மருத்துவம். மற்றொன்று ஒரு முகவர் வழி வந்த வெளிநாட்டுக் கல்லூரியில் மருத்துவம். மூன்றாவது, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மருத்துவ அறிவியல். இம்மூன்றாவதை அவர் ஓரமாகவே வைத்திருந்தார்.

‘எது நல்லது’ என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டோம். மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலை எடுத்து ஒப்பிட்டோம். வெளிநாட்டுக் கடிதத்தில் இருந்த கல்லூரியின் பெயர் பட்டியலில் இருந்த பெயரோடு முழுமையாகப் பொருந்தவில்லை. “இரண்டும் ஒன்றுதான்” என்று முகவர் கூறியதாகத் தாயார் சொன்னார். எழுத்தில் உறுதி கேட்கச் சொன்னேன். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. அக்கடிதம் விலகியது. தனியார் கல்லூரிக்கு வீட்டை அடகு வைக்க வேண்டியிருந்தது. படித்துக்கொண்டிருந்த தம்பிகள் இருவர் இருந்தனர்.

அவ்வளவு நேரமும் பேசாமல் அமர்ந்திருந்த மாணவி, ஓரமாக இருந்த மூன்றாவது கடிதத்தை எடுத்துத் தன் முன்னே வைத்துக்கொண்டாள். தாயார் அழுதார். ‘டாக்டருக்கு இடம் கிடைத்தும் விட்டுவிட்டாளே’ என்று உறவினர் சிலர் பேசினர். இன்று அம்மாணவி ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிகிறாள். கடன் இல்லை. தம்பிகள் இருவரும் படித்து முடித்துவிட்டனர். எல்லாருக்கும் இதுவே சரியான வழி என்று நான் கூறமாட்டேன். தனியார் கல்லூரியில் சேர்ந்து நல்ல மருத்துவராகத் திகழும் முன்னாள் மாணவரும் எனக்குண்டு. கேள்விகளைக் கேட்டு, விடைகளைப் பார்த்து, அவளே எடுத்த முடிவு அது என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

படித்த பின் எங்கே?

மூன்றாவது கேள்விக்கு வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மறு ஆண்டே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மானிப்பாய் அவர் பணிக்களமாயிற்று. தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க வேலையை நாடி ஊரைவிட்டுச் செல்வதைக் கண்டார். தமிழில் கற்றால் கிராமத்திலேயே தங்கி மக்களுக்குத் தொண்டாற்றுவர் என்று எண்ணி, தாமே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழ்வழி மருத்துவக் கல்வியையே நடத்தினார். தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே விடையளித்த சான்றோர் அவர். ஒருவன் கற்கும் இடமும் மொழியும், அவன் பிற்காலத்தில் எங்கு வாழ்வான், யாருக்குப் பணிபுரிவான் என்பதையும் தீர்மானிக்கின்றன. கிறீன் கண்ட இவ்வுண்மை இன்றும் பொருந்தும்.

நம் நாட்டில் இக்கேள்வி அண்மையில் கூர்மையடைந்தது. மருத்துவக் கல்லூரிகள் முப்பதுக்கும் மேல் பெருகின. புதிய மருத்துவப் படிப்புகளுக்கு 2011இல் அரசாங்கம் தடை விதித்தது. பட்டதாரிகள் மிகுந்து நிரந்தரப் பணியிடங்கள் போதாமல், 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டனர். 2021 ஜூலை 26ஆம் நாள், கோவிட் பெருந்தொற்றின் உச்சத்தில், ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் மருத்துவமனைகளில் பணியிலிருந்து வெளிநடப்புச் செய்ததை நாம் கண்டோம். ‘டாக்டருக்குப் படித்தால் வேலை உறுதி’ என்று நம் தலைமுறை நம்பிய காலம் போய்விட்டது. நிரந்தரப் பணியும் மேற்படிப்பும் தேடிச் சிங்கப்பூருக்கும் பிற நாடுகளுக்கும் செல்வோர் உளர். ஆகவே, அங்குள்ள பதிவேட்டிலும் இப்பட்டம் ஏற்கப்படுமா என்று இன்றே பார்ப்பது பேராசையன்று, முன்னறிவு.

இதுவே மூன்றாம் கேள்வி: படித்து முடித்தபின் எங்கே, யாருக்காகப் பணிபுரியப் போகிறோம்?

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யத்தக்கவை

கடிதம் கைக்கு வந்தபின் கூட்டப்படும் குடும்ப ஆலோசனை பெரும்பாலும் காலங்கடந்த ஆலோசனையாகும். மருத்துவத்திற்கான கதவு 17 வயதிற்கு முன்பே திறக்கவோ மூடவோ செய்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், மேலும் ஒரு பாடம் ஆகியவற்றில் குறைந்தது ‘பி’ நிலை இல்லையேல் பின்னர் எவ்வளவு பணம் இருந்தும் பயனில்லை. நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களைத் தவிர்த்த மாணவருக்கு அக்கதவு பெரும்பாலும் அப்போதே சாத்தப்பட்டுவிடுகிறது. இதனை ஆறாம் ஆண்டுப் பெற்றோர் கூட்டத்திலேயே கூற வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்ப்பள்ளியின் பொறுப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுவதில்லை.

கடிதம் வந்தபின் செய்ய வேண்டியவை சில:

1. மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலை நீங்களே பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரோடு, பட்டத்தின் பெயரையும் வளாகத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முகவரின் வாய்மொழியை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

2. கல்லூரி புதியதாயின், அதன் முதல் அணி பட்டம் பெற்றுவிட்டதா என்று கேளுங்கள். புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரமே கிடைக்கும். முதல் அணி தேறும் காலத்தில்தான் முழு அங்கீகாரம் பரிசீலிக்கப்படும். 1905இல் சேர்ந்த மாணவர் நிலையை நினைவுகூருங்கள்.

3. கட்டணத்தை மட்டும் கூட்டாமல், தங்குமிடம், உணவு, பயணம், நாணய மதிப்பு மாற்றம், ஓராண்டு தவறினால் ஆகும் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டாமாண்டில் பணம் தீர்ந்து திரும்புவதைவிடத் தொடங்காமலிருப்பது மேல்.

4. மாணவர்கள் நோயாளிகளைக் கண்டு பயில எந்த மருத்துவமனை உள்ளது, அங்கு நோயாளிகள் என்ன மொழி பேசுவர் என்று கேளுங்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். நோயாளி ஆங்கிலத்தில் வலியைச் சொல்லமாட்டார்.

5. இறுதியாக, பிள்ளையைக் கேளுங்கள். மருத்துவராக விரும்புவது அவனா, நாமா?

இவ்வைந்தாவது கேள்வியை நான் ஒப்புக்குச் சேர்க்கவில்லை. பெற்றோரின் கனவைச் சுமந்து சென்று, மனம் ஒடிந்து திரும்பிய பிள்ளைகளும் நம் சமூகத்தில் உள்ளனர். மனநலத்திற்கென நூறாண்டுக்கு மேலாக ஒரு மருத்துவமனை இயங்கும் ஊரில் வாழும் நாம், இதனைப் பிறருக்கு முன்னதாகவே உணர்ந்திருக்க வேண்டும்.

1890இல் நுழைவுத் தேர்வில் தேறியவர் இருவர் என்பதால் ஒரு பள்ளியே திறக்கப்படவில்லை. இன்று பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மூன்று கடிதங்கள் வருகின்றன. அவற்றைப் பெறும் தகுதியை நம் பிள்ளைகள் உழைத்துப் பெற்றுவிட்டனர். அவற்றுள் தக்கதைத் தேரும் தெளிவை அவர்களுக்குத் தருவது, ஆசிரியர்களாகிய நம் கடமையும் பெற்றோர்களாகிய உங்கள் கடமையுமாகும்.